முப்பத்திரண்டு பட்டங்களும் ஒரு முரசும்

முன்னொரு காலத்தில் கருங்காவூரை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் புகழ்ச்சி என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவான். அவனுக்கு முப்பத்திரண்டு பட்டங்கள். யார் என்ன சொல்ல வந்தாலும், அத்தனை பட்டங்களையும் சொல்லி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வரவேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் அரண்மனை அதிகாரி தில்லைநாயகர். ராஜா உத்தரவில்லாமல் கோட்டை முரசை யாரும் தொடக்கூடாது என்பது அவர் போட்ட இன்னொரு சட்டம்.

ஒரு கோடையில் நெசவாளர் தெருவில் தீப்பிடித்தது. முரசுக்காவலன் வீரணன் சபைக்கு ஓடிவந்து, மூச்சிரைக்கப் பட்டங்களைச் சொல்லத் தொடங்கினான். பதற்றத்தில் இருபதாவது பட்டம் தடுமாறிவிட்டது. "முதலிலிருந்து சொல்!" என்றார் தில்லைநாயகர். உத்தரவு கிடைத்து முரசு ஒலித்தபோது தெருவின் நாற்பது கூரைகளும் சாம்பல். பாவம், வீரணன் அன்று அழுத அழுகை சொல்லி மாளாது.

அடுத்த ஆண்டு குயவர் தெருவில் பட்டப்பகலில் புகை எழுந்தது. வீரணன் யாரையும் கேட்கவில்லை. முரசை அடித்தான். ஊரே குடத்தோடு ஓடிவந்தது. ஒரே ஒரு கூரையோடு தீ அடங்கிற்று.

மறுநாள் காலை அவனைச் சபையில் நிறுத்தினார்கள். அவன் மந்திரி இளங்கூத்தர் வேலைக்கு வைத்த ஆள். ராஜா மந்திரியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுவதில் நெடுநாளாக வயிறெரிந்துகொண்டிருந்த தில்லைநாயகருக்கு ஏகக் கொண்டாட்டம். முப்பத்திரண்டு பட்டங்களையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"அரசே, ராஜமுரசு ஒரு குயவனுக்காக ஒலிப்பதா? அடித்த கையை வெட்டுங்கள்!"

ராஜா தலையாட்டினான். "மந்திரியாரே, உம் ஆளுக்காக ஏதாவது சொல்ல வேண்டுமா?"

மந்திரி எழுந்தார். தில்லைநாயகரின் நீண்ட சால்வை நுனி பின்னாலிருந்த சாம்பிராணிச் சட்டியில் விழுந்து கிடந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒரு அவசரச் செய்தி, அரசே. மலைகளை நடுங்கவைத்தவரே, கடலைக் காலடியில் கிடத்தியவரே, களிறுகளைக் கண்ணாலேயே அடக்கியவரே..."

"அவசரம் என்கிறீர், சீக்கிரம் சொல்லும்!" என்றான் ராஜா.

"சட்டம், அரசே. இன்னும் இருபத்தொன்பது இருக்கிறது."

"ஒன்றுகூட விடாமல் சொல்லட்டும்!" என்று இளித்தார் தில்லைநாயகர்.

ஒன்பதாவது பட்டத்தில் சபையெங்கும் கருகல் வாடை. பதினோராவதில் தில்லைநாயகர் துள்ளிக் குதித்தார். "ஐயையோ, தீ! தீ! தண்ணி கொண்டாங்கடா!"

மந்திரி செம்பை அவர்மேல் கவிழ்த்தார். "நான் சொல்ல வந்ததும் இதைத்தான், அரசே. ஒரு பட்டம்கூடச் சொல்லாமல் கத்திவிட்டாரே, இவருக்கு எதை வெட்டுவது?"

சபை வாயைப் பொத்திக்கொண்டது. சிரிக்கத் தொடங்கிய ராஜா, வீரணனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நாற்பது கூரைகளும் அவனுக்கு அப்போதுதான் உறைத்தன. "என் புகழைக் கேட்டுக்கொண்டே ஒரு தெருவை எரியவிட்டேனா?" என்று கண்கலங்கினான்.

அன்றே புதுச் சட்டம் வந்தது. முரசு இனி ஊருக்குச் சொந்தம், புகையைக் கண்டவர் யாரும் அடிக்கலாம். கூரைக்கும் கூரைக்கும் இடைவெளி வேண்டும், வாசலுக்கு வாசல் தண்ணீர்த்தொட்டி வேண்டும். வெட்டச் சொன்ன கையிலேயே ராஜா தன் பொற்காப்பைக் கழற்றிப் போட்டான். தில்லைநாயகருக்கும் வேலை கிடைத்தது. வாரம் ஒருநாள் தெருத்தெருவாகப் போய், தொட்டியில் குறைந்த தண்ணீரை அவரே சுமந்து நிரப்பவேண்டும்.

ராஜாவின் அடுத்த பிறந்தநாள் விழாவில், கட்டியக்காரன் பதினான்காவது பட்டத்தைச் சொல்லும்போது முரசு ஒலித்தது. எல்லோருக்கும் முன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது ராஜாதான். தீயை அணைத்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு வந்து உட்கார்ந்தான்.

"மகாராஜா, மீதிப் பட்டங்களைச் சொல்லட்டுமா?" என்று கேட்டான் கட்டியக்காரன்.

ராஜா குடத்தை அவன் கையில் கொடுத்தான். "காலியாக இருக்கிறது பார். முதலில் இதை நிரப்பு."