எயினியின் கோலில் ஏறிய நாகம்

பாம்பின் பேச்சு மனிதருக்கும் மனிதரின் பேச்சு பாம்புக்கும் புரிந்த அந்தக் காலத்தில், ஓர் ஆற்றின் வடகரைக்காரர்களும் தென்கரைக்காரர்களும் ஓயாமல் சண்டை போட்டார்கள். தென்கரைப் படையோடு எயினி என்றொரு வைத்தியக்காரி போவாள். சண்டை ஓய்ந்ததும் மருந்துப் பையைத் தோளில் மாட்டி, வழுக்காமல் இருக்க ஒரு கோலை ஊன்றிக்கொண்டு, காயம்பட்டுக் கிடப்பவர்களைத் தேடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு ஒன்றுமே விளங்காமல் போயிற்று. களம் முழுக்கச் சேறு. விழுந்தவர்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் கிடந்தார்கள். யார் தன் ஆள், யார் எதிரி என்று அவளுக்குத் தெரியவில்லை. வருகிறவள் யார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. விழுந்தவர்களைக் குத்திக் கொன்று நகை பறிக்கிற கூட்டமும் அப்படித்தான் கம்பை ஊன்றிக்கொண்டு வரும்.

ஒருவன் படுத்தபடியே வாளை வீசினான். அவள் முழங்கை கிழிந்தது. கோலில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு போனாள். "என்னைப் பிணமென்று கோடித்துணி போர்த்த வந்துவிட்டாள்" என்று இன்னொருவன் அழுதான். தொடையில் இரத்தம் கொட்டக் கிடந்த ஓர் இளைஞன் அவளைக் கண்டதும் ஊர்ந்து ஊர்ந்து விலகினான்.

"நில்லப்பா, கட்டுப்போடத்தான் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். அவள் எட்டுவதற்குள் அவன் மூச்சு அடங்கிவிட்டது.

எயினி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். துரத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானோ? துரத்தாமல் எப்படிக் கட்டுப்போடுவது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"அம்மா, இந்தப் பக்கம் பார்" என்றது ஒரு குரல். யானை மிதித்து வால் நசுங்கிய நாகம் ஒன்று சேற்றில் கிடந்தது. "எனக்கு மருந்து உண்டா?"

"கடித்துவிடுவாயா?"

"வலி தாங்க முடியவில்லை. கடிப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை."

ஆனாலும் எயினி களிம்பை எடுத்து வாலில் தடவினாள். நாகம் சீறியது, கடிக்கவில்லை.

"தரையில் போனால் மறுபடியும் மிதிபடுவேன்" என்றது.

"அப்படியானால் கோலில் ஏறிக்கொள்."

அடுத்துக் கிடந்தவன் அவளைப் பார்த்து ஈட்டியை ஓங்கினான். கோலைச் சுற்றிப் படம் ஒடுக்கிக் கிடந்த நாகத்தைக் கண்டு அவன் கை நின்றது.

"இது உன்னை ஏன் கடிக்கவில்லை?"

"வாலில் அடி. மருந்து போட்டேன்."

"பாம்புக்கா?" அவன் ஈட்டியைக் கீழே வைத்தான். "பாம்புக்கே மருந்து போடுகிறவள் நீ; நான் எந்தக் கரை என்று கேட்கமாட்டாய்" என்று காலை நீட்டினான்.

அதன் பிறகு ஒருவரும் அவள்மேல் ஆயுதம் ஓங்கவில்லை. திரும்பி வரும்போது நாகம் கேட்டது: "என்னைக் கண்டால் கல்லை எடுக்கிறவர்கள் இன்று வாளை இறக்குகிறார்கள். ஏன்?"

"உனக்கே மருந்து போட்டவள் தங்களைக் கொல்லமாட்டாள் என்று நினைக்கிறார்களோ என்னவோ" என்றாள் எயினி.

பாசறையில் படைத்தலைவன் அவளை நிறுத்தினான். "வடகரைக்காரனுக்கும் கட்டுப்போட்டாயாமே. நீ எந்தப் பக்கம்?"

"சேற்றில் ஆள் தெரியவில்லை, ஐயா."

"காயத்தைக் கழுவியதும் தெரிந்திருக்குமே?"

"தெரிந்தது. அதற்காகக் காயத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு வரமுடியுமா?"

இவளைத் தண்டிப்பதா, பாராட்டுவதா என்று அவனுக்கு விளங்கவில்லை. வழிவிட்டு விலகினான்.

வால் ஆறியதும் நாகம் சட்டை உரித்தது. "நான் புற்றுக்குப் போகிறேன். இது உனக்கு உதவுமானால் வைத்துக்கொள்" என்றது. எயினி அதைக் கோலில் சுற்றிக் கட்டினாள். வடகரை வைத்தியர்கள் கேள்விப்பட்டு, தங்களுக்கும் வேண்டும் என்று வந்து நின்றார்கள். இருந்தது ஒரே சட்டை. ஆகவே கரியால் துணியில் ஒரு கோலையும் அதைச் சுற்றிய பாம்பையும் வரைந்து, இரு கரை வைத்தியர்களும் தோளில் தைத்துக்கொண்டார்கள்.

அன்று முதல்தான், படையோடு போகும் வைத்தியர்கள் கோலைச் சுற்றிய பாம்பைத் தங்கள் உடுப்பில் அணிகிறார்கள். வருகிறவர் யாரென்று தெரியாமல் தவிக்கிறவனும் அதைக் கண்டுதான் கையை நீட்டுகிறான்.