ஒரு வண்டிக்கு இரண்டு மருதாயி

வேங்கைநாட்டில் புலிக்குப் பயந்தவர்களைவிடச் சுங்க அதிகாரி குணபத்திரருக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். அதிலும் வாடகைக்கு மாட்டுவண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் அவர் நிழலைக் கண்டாலே ஒதுங்கிப் போவார்கள்.

பின்னே? வண்டியில் மணி கட்டாவிட்டால் அபராதம். கட்டிய மணி கோயில் தெருவில் ஒலித்தால் அதற்கும் அபராதம். ஆற்றைக் கடந்தால் துறைவரி. கடக்காமல் கரையில் நின்றால் நிறுத்தக் கூலி. சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடாவிட்டால் வண்டி ஓட்டத் தகுதியில்லை. போட்டால் சாலை தேய்கிறது என்று தேய்மான வரி. எல்லாம் மக்கள் நன்மைக்காக என்று குணபத்திரர் சொல்வார். எந்த மக்கள் என்று கேட்கத்தான் யாருக்கும் துணிவில்லை.

ஒருநாள் அவருக்குப் புதிதாக ஒரு யோசனை உதித்தது. வண்டி வைத்திருக்கும் முதலாளிக்கு உடைமை வரி உண்டு. கூலிக்கு ஓட்டும் ஆளுக்குக் கூலி வரி உண்டு. அப்படியானால் சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர்?

"இரண்டையும் கட்ட வேண்டும்!" என்றார் குணபத்திரர்.

உப்பும் நெல்லும் ஏற்றிப் பிழைக்கும் மருதாயியிடம் இந்த விதி வந்து சேர்ந்தது. அவள் வாய்த்துடுக்குக்காரி.

"எசமான், என்கிட்ட யாரு கூலிக்கு இருக்கா?"

"நீதான் இருக்கிறாய். முதலாளி மருதாயி ஒருத்தி, கூலிக்காரி மருதாயி ஒருத்தி. ஆள் இரண்டு, வரி இரண்டு."

மருதாயி சிரித்துவிட்டாள். அது தப்பாய்ப் போயிற்று. வண்டியும் இரண்டு காளைகளும் சுங்கப் பட்டியில் அடைபட்டன. சந்தை நாளில் ஏலம் என்று தண்டோரா போட்டார்கள்.

சிரித்த வாய் அழுதது. வண்டிக்காகக்கூட இல்லை. கன்றிலிருந்து அவள் கையால் தின்று வளர்ந்த காளைகள் பட்டிக்காரன் போட்ட வைக்கோலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

நேராகத் தாண்டவனிடம் ஓடினாள். அரசர் செம்பியராயரைச் சிரிக்க வைப்பதற்கென்றே அவையில் இருந்தவன் தாண்டவன். அவன் முழுக்கதையையும் கேட்டான். ஆனால் சிரிக்கவில்லை. "நாளைக்கு அவைக்கு வா. நான் கேட்பதற்கு உள்ளதை உள்ளபடி சொல், போதும்," என்றான்.

மறுநாள் அவை கூடியதும் தாண்டவன் எழுந்தான்.

"அரசே, ஒரு கூலிக்காரி தன் முதலாளி மேல் முறையிட வந்திருக்கிறாள். கூலியே தரவில்லையாம்."

அரசருக்கு முகம் சிவந்தது. "என் நாட்டிலா? கூலி கிடைக்காதவருக்கு அரண்மனையே முதலில் கூலியைக் கொடுக்கும், பிறகு முதலாளியிடம் வசூலிக்கும் என்று சட்டம் போட்டிருக்கிறேனே! கூப்பிடு அவளை."

மருதாயி வந்து நின்றாள்.

"உன் முதலாளி எப்படிப்பட்டவள்?" என்று கேட்டான் தாண்டவன்.

"பொல்லாதவ மகாராசா. கோழி கூவுமுன்ன எழுப்புவா. காய்ச்சல் அடிச்சாலும் வண்டியப் பூட்டச் சொல்லுவா. மாட்டுக்குத் தவிடு வாங்கி, அச்சுக்கு மசகு வாங்கி, மிஞ்சினாத்தான் எனக்குக் கஞ்சி. கூலின்னு ஒரு காசு கண்ணுல பார்த்ததில்ல."

"கேட்கவே நெஞ்சு கொதிக்கிறது!" என்றார் அரசர். "யார் அந்தக் கொடுமைக்காரி?"

"நான்தான் மகாராசா."

அவை விழித்தது. குணபத்திரர் மட்டும் விழிக்கவில்லை. அவருக்கு வியர்த்தது.

தாண்டவன் கைகூப்பினான். "அரசே, இவர்கள் இரண்டு பேர். கண்டுபிடித்தவர் நம் குணபத்திரர் ஐயா. ஆகவே இந்தக் கூலிக்காரிக்குக் கருவூலத்திலிருந்து கூலி கொடுக்க உத்தரவாக வேண்டும். இன்னும் ஊரிலுள்ள வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் நிற்கிறார்கள். எல்லாருக்கும் அவரவர் முதலாளி மேல்தான் வழக்கு."

வெளியே ஆரவாரம் கேட்டது. கருவூலக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"கொடுத்ததை முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம்!" என்று பதறினார் குணபத்திரர்.

"எப்படி ஐயா?"

"அவள் வண்டியைப் பறிமுதல் செய்!"

"அதை முன்பே நீங்கள் செய்துவிட்டீர்களே."

"அப்படியானால் சிறையில் போடு!"

"போடலாம். முதலாளி மருதாயியை உள்ளே தள்ளுங்கள். ஆனால் கூலிக்காரி மருதாயி பாவம், ஒரு குற்றமும் செய்யாதவள். அவள் வீட்டுக்குப் போக வேண்டும். நிரபராதியை அடைத்து வைத்தால் அடைத்தவருக்குத்தான் தண்டனை, பாருங்கள்."

குணபத்திரர் பொறுமையிழந்து கத்தினார்: "என்ன பைத்தியக்காரத்தனம் இது! ஒருத்தியில் பாதியை உள்ளேயும் பாதியை வெளியேயும் எப்படி வைப்பது? இவள் ஒரே ஆள்தானே!"

அவை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"ஐயா," என்றான் தாண்டவன் பணிவாக, "அரசர் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. இன்னொரு முறை சொல்லுங்கள்."

அரசருக்கு நன்றாகவே விழுந்திருந்தது. அரியணையின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மருதாயியின் வண்டியும் காளைகளும் அப்போதே விடுவிக்கப்பட்டன. சொந்த வண்டிக்காரருக்கு இனி ஒரே வரி என்று உத்தரவாயிற்று. மருதாயி உத்தரவை முழுதாகக் கேட்கக்கூட நிற்கவில்லை. பட்டிக்கு ஓடிவிட்டாள்.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார்.

"தாண்டவா, இனி இந்தச் சுங்க விதிகளை எழுதும் பொறுப்பையும் நீயே எடுத்துக்கொள்ளேன்."

தாண்டவன் குணபத்திரரை ஒருமுறை அன்போடு பார்த்தான்.

"வேண்டாம் அரசே. இவர் அளவுக்குச் சிரிப்பு வரும்படி எனக்கு எழுத வராது."