பிடில்காரி தையல்நாயகியும் தாளம் போட்ட பலாப்பழமும்

பலாப்பழமாக மாறிய பிறகும் தாண்டவராயன் தாளம் போடுவதை நிறுத்தவில்லை. மிருதங்கத்துக்குப் பின்னால், ஒரு நொடிக்கு முன்பு அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், பருமனான பலாப்பழம் ஒன்று மேடைப் பலகையில் தம், தம் என்று இடித்துக்கொண்டிருந்தது. காலப்பிரமாணம் இம்மியும் பிசகவில்லை.

பக்கத்தில் பிடில் வாசித்துக்கொண்டிருந்த அவன் மனைவி தையல்நாயகியும் வில்லை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தானும் ஏதாவது காயாகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மட்டும் பழத்தின் மேல் வைத்துக்கொண்டு பாட்டை முடித்துக்கொடுத்தாள்.

இது நடந்தது வெகு காலத்துக்கு முன்னால், மலைகளெல்லாம் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தபோது. கொன்றையூர் நாட்டில் கண்டகோடரி என்று ஒரு மந்திரவாதி இருந்தான். அவன் ஊதினால் மழை நிற்கும். முறைத்தால் முதலை கரையேறி வந்து மன்னிப்புக் கேட்கும். அதெல்லாம் அவனுக்குப் போதவில்லை. பாட ஆசைப்பட்டான். ஊர் ஊராகப் போய், மேடை போடச் சொல்லி, தண்டோரா அடித்து, ஜனங்களை உட்காரவைத்துப் பாடினான். நடுவில் எழுந்து போனவர்கள், சிரித்தவர்கள், கொட்டாவி விட்டவர்கள் யாரும் வீடு திரும்பவில்லை. "கொஞ்சம் சுதி விலகுதுங்க" என்று சொன்ன நாவிதர் காக்கையானார். "தொண்டைக்கு மிளகு நல்லது" என்று சொன்ன செக்குக்காரர் உலக்கையானார். தம்புரா மீட்ட வந்தவர் ஒன்றுமே சொல்லவில்லை, லேசாக முகத்தைச் சுளித்தார். தவளையாகிக் குளத்தோடு போனார். ராஜா பாதிக் கொட்டாவியில் பூசணிக்காயாகி அரியணையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆட்சி முன்பு போலவே நடந்தது. அந்த நாட்டுப் பெண்கள் கத்தரிக்காயை நறுக்குவதற்கு முன்னால் "யாருப்பா அது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நறுக்கப் பழகியிருந்தார்கள்.

தையல்நாயகியும் தாண்டவராயனும் எந்த அரண்மனையிலும் நிரந்தரமாக இருந்தவர்கள் இல்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போவார்கள். காதுகுத்து, வளைகாப்பு, கோயில் கொடை, புதுக்கிணற்றில் தண்ணீர் கண்ட நாள், எதுவானாலும் சரி. வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டால் புயலடித்தாலும் போய் நிற்க வேண்டும். அது தொழிலின் சட்டம். வாங்குவதற்கு முன் "பாட்டு யாரு?" என்று கேட்பதும் சட்டம்தான். சாயங்காலம் சும்மா இருக்கிறோமே என்ற கவலையில் தையல்நாயகி அன்று கேட்காமல் வாங்கிவிட்டாள். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு என்று வாசித்துக் களைத்திருந்த தாண்டவராயன், கண்டகோடரியின் மூன்றாவது பாட்டில் வாயைத் திறந்தான். மூடுவதற்கு வாய் இல்லை.

மங்களம் பாடி முடித்ததும் மந்திரவாதி கூட்டத்தைப் பார்த்தான்.

"யாராவது ஏதாவது கேட்டீர்களா?"

யாரும் எதுவும் கேட்கவில்லை.

"போங்கள்" என்றான். அடுத்த கணம் மைதானத்தில் செருப்புகள் மட்டும் இருந்தன.

தையல்நாயகி பிடிலை உறையில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். "சாமி, எங்க வீட்டுக்காரரைக் கொடுத்துடுங்க."

"அதோ இருக்கிறானே. எடுத்துக்கொள்."

"ஆளாக் கொடுங்க."

"முடியாது." கண்டகோடரியின் குரல் சற்று இறங்கியது. "முடிந்தால் ராஜாவை அப்படியே விட்டிருப்பேனா? எல்லாம் கோபத்தில் போட்ட மந்திரம். பூட்டினது நான். திறக்க வேண்டியது ஜனங்கள். நான் பாடி முடித்ததும் யாராவது ஒருவர், பயமில்லாமல், மனசார, இன்னொரு பாட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் எல்லாரும் எழுந்து வருவார்கள். சொல்லிக்கொடுத்துக் கேட்கவைத்தால் பலிக்காது."

"அவ்வளவுதானா? நான் கேக்கறேன். இன்னொன்னு பாடுங்க சாமி."

பலாப்பழம் பலாப்பழமாகவே இருந்தது.

"பார்த்தாயா" என்றான் மந்திரவாதி. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. "நாளை சாயங்காலமும் இங்கேதான் கச்சேரி. இந்தா வெற்றிலை."

வாங்காமல் என்ன செய்வாள்? இந்த முறை பாட்டு யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பழத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து முகர்ந்து பார்த்தாள். நன்றாகப் பழுத்திருந்தது. நாளை தாங்கும். அதற்கு மேல் வெடித்துவிடும்.

"வாசனை வருதுங்க" என்றாள்.

தம், என்றது பழம். உற்சாகமாக இல்லை.

மறுநாள் காலையில் குயவர் தெருவில் ஒரு காதுகுத்து. புருஷன் பழமாகிவிட்டான் என்று போகாமல் இருக்க முடியுமா? வெற்றிலை வாங்கியாயிற்று. பிடிலை ஒரு தோளில், பழத்தை இடுப்பில் என்று போய்ச் சேர்ந்தாள். சமையல்காரர் ஈசானம் கத்தியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"பிடில்காரம்மா, இது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"அடப்பாவமே" என்று கத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து மறுபடியும் வந்தார். "ரொம்ப நல்ல மனுஷனோ?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். பாயசத்துக்குப் பழம் பத்தல."

பழம் தானாக உருண்டு அவள் முந்தானைக்குப் பின்னால் ஒதுங்கியது.

குழந்தை வீறிட்டு அழுதது. தையல்நாயகி அதே அழுகையை, அதே இழுப்போடு, பிடிலில் வாசித்தாள். யாரது எனக்குப் போட்டி என்று குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அந்த இடைவெளியில் ஆசாரி காதைக் குத்திவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் அவள் சொன்னாள்: "சாயங்காலம் பாட்டுக் கேக்க வாங்க."

"பாட்டு யாரு?"

"கண்டகோடரி."

"எங்க எருமை இன்னிக்குக் கன்னு போடுது" என்றார் ஒருவர். அவரிடம் எருமையே கிடையாது.

மத்தியானம் நெல்லுக்கடை வீட்டில் வளைகாப்பு. வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பூங்காவனத்துக்கு மூக்கு துடித்தது.

"அக்கா, ஒரே ஒரு சுளை."

"அடி, அது என் புருஷன்டி."

"தெரியும்க்கா. ஓரத்துல இருக்கற ஒரு சுளை. அவருக்கே தெரியாது."

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்வது எப்படி? தையல்நாயகி வில்லை எடுத்தாள். கும்மி வாசித்தாள், பூங்காவனம் பழத்தையே பார்த்தாள். ஓடப்பாட்டு வாசித்தாள், பழத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். தாலாட்டு வாசித்தாள், வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. பூங்காவனம் பழத்தை மறந்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உதைக்குதுக்கா! தாளத்துக்கு உதைக்குது!" பெண்களெல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் கச்சேரிக்கு வருவீர்களா என்று கேட்டதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தது.

வெயில் சாயும் வேளையில் அவள் மைதானத்துக்குப் போகும் வழியில் குளத்தங்கரையில் முகம் கழுவ இறங்கினாள். தாழம்புதருக்கு அந்தப் பக்கம் யாரோ பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தார்கள். முணுமுணுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தண்ணீர் குடிக்க வந்த எருமைகள் குடிக்காமல் நின்றன. கொக்கு ஒன்று மீனை விட்டுவிட்டது. படிக்கட்டின் ஈரத்தில் ஒரு தவளை உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரே சுருதியில் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. இடுப்பில் இருந்த பழம், மெதுவாக, கெஞ்சுவது போலத் தட்டியது.

அவள் தாழையை விலக்கிப் பார்த்தாள். கழுத்தளவு தண்ணீரில் கண்டகோடரி.

தையல்நாயகிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குளத்தில் பாடுகிற சுருதிக்கும் மேடையில் பாடுகிற சுருதிக்கும் ஒரு தென்னை உயரம் இருந்தது. கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று மேடையில் ஏறியதும் எட்டாத உயரத்தில் தொடங்கி, பாட்டு முடியும்வரை அங்கேயே தொங்குகிறான். எத்தனையோ பேருக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறாள். இதே வியாதி பாதிப் பேருக்கு உண்டு. அவர்களிடம் சொல்லலாம். இவனிடம் யார் சொல்வது? சொன்ன நாவிதர் வேப்பமரத்தில் உட்கார்ந்து கரைந்துகொண்டிருந்தார்.

தண்டோரா அடித்துவிட்டார்கள். எருமை கன்று போட்டவரும் தலைவலிக்காரர்களும் வந்து, அசையாமல், வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தம்புரா இல்லாததால் பிடில்தான் சுருதி. தையல்நாயகி, நேற்று மேடையிலேயே விட்டுப்போன மிருதங்கத்துக்குப் பின்னால் பழத்தை வைத்துவிட்டு, குளத்துச் சுருதியைக் கொடுத்தாள்.

"ஏற்று" என்றான் கண்டகோடரி.

கொஞ்சம் முறுக்கினாள்.

"ஏற்று."

இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். மேல் தந்தி முனகியது.

"இன்னும் ஏற்று!"

அறுந்தால் போட அவளிடம் மாற்றுத் தந்தி கிடையாது. தெரிந்தே முறுக்கினாள். டங்கென்று அறுந்து சுருண்டது.

"மன்னிச்சுக்கணும் சாமி. மேல் தந்தி போச்சு. மிச்சமிருக்கறதெல்லாம் கீழேதான் பேசும்."

கண்டகோடரியின் முகம் சிவந்தது. கை மேலே எழுந்தது. உதடு மந்திரத்தைத் தொடங்கியது. கூட்டம் கண்ணை மூடிக்கொண்டது. தையல்நாயகி மட்டும் மூடவில்லை. எந்தக் காயாகப் போகிறோம் என்று தெரிந்துகொள்ள விரும்பினாள்.

தம் தம், தம் தம் என்று பலாப்பழம் இடிக்கத் தொடங்கியது.

தாளம் போய்க்கொண்டிருக்கும்போது பாடுகிறவனால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்? சாபத்துக்குத் தூக்கிய கை அவனையும் அறியாமல் தொடையில் தாளமாக விழுந்தது. அவள் குளத்துச் சுருதியை மறுபடி இழுத்தாள். அவன் வாயைத் திறந்தான். மந்திரம் வரவில்லை, பாட்டு வந்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். ஒருவர் தெரியாமல் இருமினார். இருமி முடித்தும் மனிதராகவே இருந்தார். ஒரு குழந்தை ங்கா என்றது. பிடிலும் ங்கா என்றது. பாடிக்கொண்டே கண்டகோடரியும் அந்த இடத்தைத் தொட்டுவிட்டுப் போனான். யாரோ சிரித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அப்போது கடைசி வரிசை மொத்தமாக எழுந்தது.

தையல்நாயகி வில்லை விடாமல் இழுத்தாள். மந்திரவாதி பார்த்தான். எழுந்தவர்கள் போகவில்லை, மெல்லிய குரல் சரியாகக் கேட்க வேண்டும் என்று முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். "கொஞ்சம் நகருங்க, எங்களுக்கும் இடம் விடுங்க" என்று முன்வரிசையோடு சண்டை பிடித்தார்கள். கண்டகோடரியின் கண்ணில் தண்ணீர் நின்றது. குரல் மட்டும் அசையவில்லை.

பாட்டுகள் முடிந்தன. அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பயந்தவன் போலத் தலையைக் குனிந்துகொண்டு மங்களத்துக்கு வாயெடுத்தான்.

"ஏன்ணே, அதுக்குள்ளயா?"

முன்வரிசையில் சமையல்காரர் ஈசானம். பழம் எப்படியும் இன்று வெடிக்கும் என்று மடியில் கத்தியோடு வந்தவர், வந்த காரியத்தை எப்போதோ மறந்துவிட்டிருந்தார். "இன்னொன்னு பாடுங்கண்ணே! இப்பத்தானே காதே தொறந்திருக்கு!"

வேப்பமரத்தில் நாவிதர் கிளையைக் கட்டிக்கொண்டு "ஏணி! ஏணி!" என்று கத்தினார். ஒரு வீட்டில் நெல் குத்திக்கொண்டிருந்தவள் கையில் செக்குக்காரரின் கணுக்கால் இருந்தது. குளத்திலிருந்து தம்புராக்காரர் சொட்டச் சொட்ட ஓடிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். அரண்மனையில் ராஜா, கொட்டாவியின் மீதிப் பாதியை விட்டு முடித்தார்.

மிருதங்கத்துக்குப் பின்னால் தாண்டவராயன், முடியெல்லாம் முள்ளாகச் சிலிர்த்து நிற்க, உட்கார்ந்திருந்தான்.

"தையு, அந்தச் சமையக்காரன் இருக்கானே..."

"அப்புறம் சண்டை போடலாம். சுதி சேருங்க முதல்ல" என்றாள். அவனை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். முள் குத்தவில்லை.

"கேட்டது யார்?" என்றான் கண்டகோடரி.

ஈசானம் கத்தியைத் துண்டுக்குள் ஒளித்தார். "நாந்தாண்ணே. தப்பா?"

"எந்தப் பாட்டு வேண்டும்?"

அதற்குள் குயவர் தெருப் பெரியவர் வெற்றிலைத் தட்டோடு மேடையேறிவிட்டார். மாசிக் கொடைக்கு அவன்தான் பாட வேண்டும் என்றார். கண்டகோடரி தட்டை உடனே வாங்கவில்லை.

"பிடில் யாரு?" என்று கேட்டான்.

பெரியவர் தையல்நாயகியைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

இன்னொன்று தொடங்கியது. காதுகுத்துக் குழந்தையும் நெல்லுக்கடைப் பெண்களும், எருமை இல்லாத மனிதரும், ஏணி கிடைத்து இறங்கிய நாவிதரும் தொடையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாண்டவராயனின் விரல்களில் பலாப்பால் பிசுபிசுத்தது. மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் தோலில் ஒட்டிக்கொண்டு மந்தமாக விழுந்தது. பிடில் தந்தியில் விரல் வழுக்கிப் போவதற்காகத் தன் பக்கத்தில் வைத்திருந்த தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை, அடுத்த வரி வருவதற்குள், தையல்நாயகி பார்க்காமலே அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் விரல்களை அதில் நனைத்துத் தேய்த்து, துண்டில் துடைத்துக்கொண்டு வாசித்தான்.