கதவைக் கழட்டுன சங்கம்

ஒரு ஊர்ல ஒரு சங்கம் இருந்துச்சாம், அதுக்கு வாசல் உண்டு, கதவு கிடையாதாம். ஏன்னு கேளு. நீ ம் கொட்டுனாத்தான் கதை நகரும்.

"ம்."

அந்த ஊர்ல செண்பகவடிவுன்னு ஒரு தையல்காரி. பிறந்ததுலேர்ந்து காது கேக்காது, கையாலதான் பேசுவா. சின்ன வயசுல வீட்ல சோறு போட்டாங்க, துணிமணி எடுத்துக் குடுத்தாங்க, ஆனா ஒருத்தர்கூட அவகிட்ட உக்காந்து பேசினதில்ல. பேச ஆளில்லாம வளந்த பிள்ளைக்கு வயிறு நெறைஞ்சு என்ன பிரயோசனம், சொல்லு. அதனால தன்னை மாதிரி ஏழெட்டுப் பேரைச் சேத்துக்கிட்டு, ஞாயித்துக்கிழமையில கூடிப் பேச ஒரு இடம் தேடுனா.

மொதல்ல டீக்கடை பெஞ்சு. கையை வீசிப் பேசுனதுல கிளாஸ் படார்னு விழுந்துச்சு, கடைக்காரர் கெளம்புங்கன்னுட்டார். அப்புறம் கோயில் மண்டபம். பொழுது சாய்ஞ்சா அங்க இருட்டு, இருட்டுல கை தெரியாதே, பாதிப் பேச்சோட எந்திரிக்கணும். அப்புறம் மாவு மில்லுக்கு மேல ஒரு ரூம் கெடச்சுது. கடகடகடன்னு சத்தம், ஒரு மனுஷன் குடி வரமாட்டான். நம்மாளுகளுக்கு அதைவிட நல்ல ரூம் ஏது? காது கேக்காதோர் சங்கம்னு போர்டும் மாட்டிட்டாங்க. ஏட்டி, தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை மில்லுக்காரர் தங்கையா அண்ணாச்சி மாடியேறி, கதவைத் தள்ளித் தொறந்துக்கிட்டு வந்தார். காத்துல டொக் டொக்னு தட்டிக் காட்டுனார். கையை இடுப்பளவுக்கு எறக்கிச் சின்னப் பிள்ளைன்னார். ரெண்டு சடை. ஒருத்தர் சட்டையில இருந்த சிவப்பைத் தொட்டு, சடையில அந்த நெறத்துல ரிப்பன்னார். அப்புறம் காதைப் பொத்திக் காட்டிட்டு, கன்னத்துல விரலால கோடு இழுத்தார், பிள்ளையைக் கூட்டிட்டு வந்த அம்மா அழுதுக்கிட்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போறாளாம்.

செண்பகவடிவுக்கு அப்பத்தான் புரிஞ்சுது. காது கேக்காத பிள்ளையோட ஒருத்தி வந்து, சாத்துன கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போறா. உள்ள இவங்க சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. காது கேக்குறவங்க கதவைத் தட்டுவாங்கங்கிற நெனப்பே இவங்களுக்கு இல்ல.

ஓடுனா பாரு ஓட்டம், தபதபதபன்னு. ஒரு பஸ் கெளம்புது, ஜன்னல்ல சிவப்பு ரிப்பன். முன்னால போய்க் கையை விரிச்சு நின்னுட்டா. டிரைவர் பாம் பாம்னு ஹாரன் அடிக்கார், கத்துதார். அவளுக்கா கேக்கும்? இந்தப் பிள்ளையும் என்னை மாதிரி பேச்சில்லாம வளரக் கூடாது, அது ஒண்ணுதான் அவ மனசுல.

அப்புறம் ஜன்னலைப் பாத்து, "உன் பேரென்ன"ன்னு கையால கேட்டா. பிள்ளைக்குப் புரியல. ஆனா தன்கிட்ட ஒருத்தி பேசுதான்னு தெரிஞ்சுபோச்சு. அதுவும் அதே மாதிரி கையை அசைச்சுது. பெத்தவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டா.

அன்னிக்கே கதவைக் கழட்டிட்டாங்க. அதையே படுக்கப் போட்டு மேஜையாக்கி, அதுல வச்சுத்தான் அந்தப் பிள்ளைக்குக் கைப்பேச்சு சொல்லிக் குடுத்தாங்க. சங்கம் இப்ப எவ்வளவோ பெருசாயிருச்சு. ரிப்பன் பிள்ளைதான் அங்க டீச்சர். மேஜை அதே மேஜை.

"கதவில்லாட்டி திருடன் வரமாட்டானா?"

வரட்டுமே. வந்தா அவனையும் உக்கார வச்சுப் பேசுவாங்க.

கதை வாசல் தாண்டிப் போயிருச்சு, நீ கண்ணை மூடித் தூங்கு.