தோணி ஏற்றிப்போன பதிவு

தப்பு யாருடையது என்று கேட்டால் எல்லாரும் அடுத்தவரைக் கைகாட்டும் வழக்கு இது. பொறுமையாகக் கேளுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் தையல்கடை வைத்திருக்கும் சுடலைவடிவு, ‘பூவரசு’ என்ற சமூக வலைத்தளத்தில் எழுதுபவள். ‘நாலுமுக்கு’ என்ற இன்னொரு தளத்துக்குப் போனதே இல்லை. ஆனால் அவள் சம்மதத்தோடு, ஜெபராஜ் உருவாக்கிய ‘தோணி’ என்ற செயலி நாலுமுக்கில் அவள் பெயரில் தானே ஒரு கணக்கைத் திறந்து, அவள் பூவரசில் எழுதுவதையெல்லாம் அங்கேயும் போட்டுவந்தது.

தம்பி விபத்தில் அடிபட்டபோது, “ரத்தம் வேண்டும்” என்று தன் கைப்பேசி எண்ணோடு எழுதினாள். ரத்தம் கிடைத்தது; தம்பி பிழைக்கவில்லை. காரியம் முடிந்ததும் பதிவை அழித்தாள். பூவரசில் அழிந்தது. நாலுமுக்கில் அப்படியே நின்றது.

முகம் தெரியாத நல்லவர்கள் அழைத்தபடி இருந்தார்கள். “நாலுமுக்குல பார்த்தேன். தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு? நான் வரட்டுமா?” ஒவ்வொருவரிடமும் அவள் அந்தச் சாவைச் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணை மாற்றலாமென்றால், கடைப்பலகையில் இருப்பதும் அதே எண்தான்.

கொதித்துப்போய் ஜெபராஜை அழைத்தாள்.

“அக்கா, ‘இதை எடுத்துருங்க, இப்படிக்குத் தோணி’ன்னு நாலுமுக்குக்கு அன்னைக்கே தகவல் அனுப்பியாச்சு. அதோட என் வேலை முடிஞ்சுது. பொதுவுல நம்பரைப் போட்டது நீங்கதானே?”

நாலுமுக்கின் பொறுப்பாளர் ஹமீதாவை அழைத்தாள்.

“தகவல் வந்தது நிஜம்தாம்மா. ஆனா எழுதினவங்க கணக்குலேருந்து கேட்டாத்தான் எடுப்போம். இல்லேன்னா யார் எழுதினதையும் யாரும் அழிச்சிருவாங்கல்லா? உங்க கணக்குலேருந்து கேளுங்க, உடனே எடுத்துருதேன்.”

“அது நான் திறந்த கணக்கே இல்லம்மா! கடவுச்சொல்லு கூட எனக்குத் தெரியாது. செத்தவனுக்கு இன்னும் எத்தனை நாள் நான் ரத்தம் கேட்டுக்கிட்டு நிக்கணும்?”

எண்ணைப் போட்ட சுடலைவடிவு, தகவல் அனுப்பிய ஜெபராஜ், அழிக்க மறுத்த ஹமீதா. இந்த மூவரில் தவறு செய்தவர் யார்?

விடை: ஜெபராஜ். உயிர் ஊசலாடும்போது எண்ணைக் கொடுக்காமல் எந்த அக்காள் இருப்பாள்? ஹமீதாவின் சட்டமோ எழுதுகிற எல்லாருக்கும் காவல். சுடலைவடிவு பெயரிலிருந்த கணக்கின் கடவுச்சொல் தோணியிடம் இருந்தது. பதிவைப் போட அந்தக் கணக்கைப் பயன்படுத்திய ஜெபராஜ், எடுக்கும்போது மட்டும் தன் பெயரில் ஒரு வரி அனுப்பிவிட்டுக் கைகழுவினான். யோசித்து யோசித்து இதைக் கண்டுபிடித்த சுடலைவடிவு, மறுபடி அவனை அழைத்து ஒன்றே ஒன்று கேட்டாள்: “போடுறதுக்கு என் பேரு, எடுக்கதுக்கு உன் பேராடே?”

பதிவு அப்போதே மறைந்தது.