மேனேஜர் போட்ட கமா

மில் மேனேஜர் சிவசைலம் பேசுவதெல்லாம் தமிழில், வாக்கு கொடுப்பது மட்டும் இங்கிலீஷில். பெண்கள் விடுதியில் குழாய் வறண்டு கிடந்தது. ஷிப்ட் முடித்த பிள்ளைகள் தெருக்கோடியிலிருந்து குடம் சுமந்தார்கள். அவரோ கோடைக்குக் கோடை ஒரே நோட்டீஸை ஒட்டினார்: 'தினமும் தண்ணீர், ஆஸ் ஃபார் ஆஸ் பாசிபிள், வழங்கப்படும்.'

விடுதிச் சமையல்காரி மாடத்திக்கு வயிறு எரிந்தது. நேரே போய்க் கேட்டாள்.

"நடுவுல இங்கிலீஷ்ல என்ன சார் எழுதியிருக்கு?"

"முடிஞ்ச வரைக்கும்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் கமா போட்டிருக்கேன் பாரு. அதுக்கப்புறம் எவளும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. சரி, நாளைக்கு முதலாளி விடுதியில சாப்பிடுதார். பிரியாணி பண்ணிரு."

"பிரியாணி, ஆஸ் ஃபார் ஆஸ் பாசிபிள், பண்ணிருதேன் சார்."

அவள் இங்கிலீஷைக் கேட்டு மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் ஒரு பிள்ளையையும் குடம் தூக்க விடவில்லை மாடத்தி. முதலாளியின் இலையில் கழுவாத அரிசியையும் பச்சைக் கறியையும் வைத்தாள்.

மேனேஜர் பதறினார். "பிரியாணி பண்ணுதேன்னு சொன்னியேடீ?"

"குழாயில வந்த தண்ணியில முடிஞ்ச வரைக்கும் பண்ணியிருக்கேன் சார். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி ரெண்டு பக்கமும் கமா போட்டுத்தானே சொன்னேன்?"

முதலாளி ஒன்றும் புரியாமல் டம்ளரை எடுத்தார். அதுவும் காலி.

"தண்ணி எங்கேம்மா?"

மாடத்தி சுவரிலிருந்த நோட்டீஸைக் காட்டினாள். "அந்தக் கமாவுக்குள்ள இருக்கு, ஐயா."