ஒச்சப்பன் ஓட்டினால் மட்டும் அலறும் ஜீப்

"என் கையில மட்டும்தான் இது அலறுது தாயி. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

போடி மலையில் இருபத்திரண்டு வருஷமாக ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்கும் டிரைவர் ஒச்சப்பன்தான் இப்படிப் புலம்பினார். கேட்டுக்கொண்டிருந்தவள் மெக்கானிக் ஜெசிந்தா. அவரைவிட இருபது வயசு இளையவள்.

"என்ன சத்தம்ணே?"

"திருப்பத்துல அடியில கடகடன்னு அடிச்சுக்குது. தார் ரோட்டுல மட்டும். மலைமேல மண்பாதையில கம்முனு போகுது."

"வேற யாரும் பாத்தாங்களா?"

"மூணு பேரு. ஓட்டிப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல பெரிசுன்னு சாவியைக் குடுத்துட்டானுங்க. அவனுங்ககிட்ட இந்தக் கழுதை வாயைத் திறந்தாத்தானே! நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வர்றான். நீயும் கையை விரிச்சா அவன்கிட்டக் குடுத்துர வேண்டியதுதான்."

சொல்லும்போதே மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாவியை நீட்டினார். ஜெசிந்தா வாங்கவில்லை. பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்களே ஓட்டுங்கண்ணே."

ஒச்சப்பன் ஏறினார். வண்டியைக் கிளப்பும் முன்னே அவர் கை தானாகப் போய், நாலு வீலுக்கும் இழுவை கொடுக்கும் சின்னக் கம்பியைத் தள்ளியது.

ஜெசிந்தா பார்த்தாள்.

முதல் திருப்பத்திலேயே ஜீப் அலறியது.

"கேட்டியா தாயி! கேட்டியா!" ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

"ஓரங்கட்டுங்க. தார் ரோட்டுல எதுக்கு நாலு வீலும் போட்டீங்க? திருப்பத்துல முன் வீலு ஒரு வேகம், பின் வீலு ஒரு வேகம் கேக்கும். மண்ணுல டயர் வழுக்கிச் சமாளிச்சுக்கும். இங்க வழுக்காது. முன் வீலும் பின் வீலும் மல்லுக்கட்டித்தான் இந்தச் சத்தம். மத்தவங்க ரெண்டு வீல்ல ஓட்டியிருப்பாங்க, அதான் வரல. இது உங்களுக்குத் தெரியாததா?"

ஒச்சப்பன் இன்ஜினை அணைத்தார்.

"தெரியும் தாயி. ஆனா என் கை போடுறதே எனக்குத் தெரியல. போன ஐப்பசி மழையில, சின்ன ஏத்தம்தானேன்னு நாலு வீல் போடாம ஏறிட்டேன். சறுக்கிப் பின்னாலயே போச்சு. உள்ள பதினோரு பொம்பளைங்க. பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கையில நின்னுச்சு. அன்னையில இருந்து ஏறினதும் கை தானாப் போட்டுருது போல. எடுக்கத் தோணவே இல்ல."

"யாருக்கும் அடி?"

"ஒரு கீறல் இல்ல."

ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அந்தப் பதினோரு பேரும் அன்னைக்கே பத்திரமா வீடு திரும்பிட்டாங்கண்ணே."

ஒச்சப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே கம்பியை இழுத்து ரெண்டு வீலுக்கு மாற்றினார்.